கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் (1941): ஓர் இறுதியாண்டு நாடகப் பணியின் வரலாற்றுத் தேடல்

முன்னுரை

இளங்கலைப் படிப்பின் இறுதியாண்டில் ஆய்வேடு எழுதும் மாணவர்க்கு வழிகாட்டும் நூல்கள் பல உள்ளன. கருதுகோள் அமைப்பது, தரவு திரட்டுவது, இயல் பகுப்பது ஆகிய அனைத்தையும் அவை கற்பிக்கின்றன. ஆய்வேட்டுக்கு ஈடாக நாடகமோ சிறுகதைத் தொகுப்போ படைக்க முன்வரும் மாணவர்க்கு அத்தகைய துணை குறைவு. "படைப்புத்தானே, அதற்கு ஆய்வு எதற்கு?" என்னும் எண்ணமும் நம்மிடையே பரவலாக உண்டு. அந்த எண்ணத்துடன்தான் நாங்கள் மூவரும் எங்கள் இறுதியாண்டுப் பணியைத் தொடங்கினோம். பணி முடிந்தபோது அது எங்களிடம் இல்லை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை மேடை நாடகமாக எழுதுவதே எங்கள் பணி. அவ்வரலாற்றை எவ்வாறு அணுகினோம், எங்கே வழுக்கினோம், எதைப் புனைந்தோம், எதைப் புனைய மறுத்தோம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. பின்வரும் மாணவர்க்கு இது ஓரளவேனும் பயன்படும் என நம்புகிறோம்.

தலைப்பைத் தேர்ந்தெடுத்தல்

தோட்டத் துயரம் என்னும் பொதுப் பொருளில் ஒரு குடும்ப நாடகம் எழுதுவதே எங்கள் முதல் திட்டம். கங்காணியின் கொடுமை, கள்ளுக்கடை, கண்ணீர், இறுதியில் நகரத்துக்குக் குடிபெயர்வு எனக் கதையும் ஆயத்தமாக இருந்தது. மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு வினாவை எழுப்பினார்: "இது எந்த ஆண்டு நடக்கிறது?" எங்களிடம் விடை இல்லை. 1920இல் நடந்தாலும் 1970இல் நடந்தாலும் மாறாத கதையாக அது இருந்தது. எக்காலத்துக்கும் பொருந்தும் கதை என்று நாங்கள் பெருமைப்பட்டது, எக்காலத்தையும் சேராத கதை என்பதை அன்று உணர்ந்தோம்.

தோட்ட மக்களைப் பற்றிய நம் படைப்புகள் பலவற்றில் அவர்கள் துன்புறுகிறார்கள், பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஒன்றுகூடி எழுந்து நின்ற காலம் உண்டா என்று தேடியபோதுதான் 1941 எங்கள் கண்ணில் பட்டது. எங்களுள் ஒருவர் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர். தம் ஊரில் இப்படியொரு நிகழ்வு நடந்தது என்பதை இருபத்து மூன்றாம் வயதில் ஒரு நூலகத்தில்தான் அவர் அறிந்தார். அந்த வெட்கமே எங்கள் தலைப்பாயிற்று.

வரலாற்றுப் பின்புலம்

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. கங்காணி தம் ஊருக்குச் சென்று உற்றாரையும் ஊராரையும் திரட்டி வருவார். தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கும் அதிகாரமும் அவரிடமே இருக்கும். உறவும் அதிகாரமும் ஒரே கையில் இருந்த இம்முறையில் தொழிலாளி தனித்து நிற்பது அரிது. எதிர்த்து நிற்பது அதனினும் அரிது.

1930களின் தொடக்கத்தில் ஏற்பட்ட உலகப் பொருளாதார மந்தத்தின்போது கித்தா விலை வீழ்ந்தது. ஊதியம் வெட்டப்பட்டது, பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் இங்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1938இல் தோட்ட முதலாளிகள் மீண்டும் ஊதியத்தைக் குறைக்க முற்பட்டபோது, உதவி பெற்று மலாயாவுக்குக் குடியேறும் முறைக்கு இந்திய அரசு தடை விதித்தது.

இத்தடையின் விளைவை நாங்கள் முதலில் சரியாக உணரவில்லை. ஊரிலிருந்து புதிய ஆட்கள் வருவது நின்றமையால், தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒரு பேரம் பேசும் வலிமை முதன்முறையாக வாய்த்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் போர் மூண்டது. பிரிட்டனின் போர்ச் செலவுக்கு டாலர் ஈட்டித் தந்தவற்றுள் மலாயாவின் கித்தாவும் ஈயமும் முதன்மையானவை. கித்தா விலை ஏறியது. அரிசி விலையும் ஏறியது. நாளொன்றுக்கு 50 காசு அளவில் இருந்த ஆண் தொழிலாளியின் ஊதியம் மட்டும் அதற்கேற்ப ஏறவில்லை. ஒப்பந்த முறையில் வேலை செய்த சீனத் தொழிலாளர் கூடுதலாக ஈட்டுவதைத் தமிழர்கள் நாள்தோறும் கண்ணால் கண்டனர்.

வேலைநிறுத்தமும் அதன் முடிவும்

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் இந்தச் சூழலில்தான் தோட்டங்களுக்குள் நுழைந்தது. 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதனும் ஒய். கே. மேனனும் அதன் முன்னணியில் நின்றனர். 1941ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வேலைநிறுத்தங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவின. பேச்சுவார்த்தைக்குப் பின் ஊதியத்தில் சிறு உயர்வு கிடைத்தது. தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். ஆயினும் பிற கோரிக்கைகள் அப்படியே கிடந்தன.

1941 மே 6ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை வேலைநிறுத்தம் கிள்ளானைக் கடந்து சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. காவலருக்குத் துணையாக இந்தியத் துருப்புகளும் இறக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். பலர் காயமுற்றனர், நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், பலர் நாடு கடத்தப்பட்டனர். நாதனும் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே மாத இறுதிக்குள் எல்லாம் அடங்கியது. ஏழு மாதங்களுக்குப் பின், 1941 டிசம்பர் 8ஆம் நாள், சப்பானியர் கோத்தபாருவில் தரையிறங்கினர்.

கோரிக்கைகளைப் படித்தல்

தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளே எங்கள் நாடகத்தின் உயிர்நாடியாயின. ஊதிய உயர்வும் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியும் பட்டியலில் இருந்தன. அவற்றோடு, கொடுமை செய்யும் கிராணிகளையும் கங்காணிகளையும் நீக்கித் தமிழறிந்த அலுவலரை அமர்த்தல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, சரியான மருத்துவ வசதி, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல், உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து செல்லும் உரிமை, பேசவும் கூடவும் உரிமை, தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொள்வதை நிறுத்துதல் ஆகியனவும் இருந்தன. துரைமாரோ அலுவலரோ எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

இறுதியாகச் சொன்ன கோரிக்கையைப் படித்தபோது எங்களுள் ஒருவர் சிரித்துவிட்டார். ஐந்து உயிர் போன போராட்டத்தில் மிதிவண்டி ஒரு பொருட்டா என்பது அவர் வினா. அன்றிரவு நெடுநேரம் விவாதித்தோம். கோரிக்கைகளை இரு பிரிவாகப் பிரித்து எழுதிப் பார்த்தோம். ஒரு பக்கம், நிறைவேற்றுவதற்குக் கம்பெனி பணம் செலவழிக்க வேண்டியவை. மறுபக்கம், ஒரு காசும் செலவில்லாதவை. மிதிவண்டி, உறவினர் வருகை, பெண்களின் மானம், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை ஆகிய அனைத்தும் இரண்டாம் பக்கத்தில் சேர்ந்தன. ஊதியத்தில் சில காசு ஏற்றித் தரத் தோட்ட நிர்வாகங்கள் ஒருவாறு இணங்கின. செலவில்லாதவற்றை விட்டுக்கொடுக்கவே அவை பெரிதும் தயங்கின. தோட்ட ஆட்சியின் அடித்தளம் எங்கிருந்தது என்பதை அந்தத் தாள் எங்களுக்குக் காட்டியது.

மிதிவண்டி வைத்திருந்த தொழிலாளி யார் என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது. பிரட்டுக்களத்தில் விடியுமுன் பெயர் கொடுத்து, நிரை நிரையாகப் பால் வெட்டி, மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி அது. தோட்டத்துக்கு வெளியே உள்ள பட்டணத்துக்கும் அடுத்த தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கும் அவனை இட்டுச் சென்றது அதுவே. அவன் ஏறி அமர்ந்ததும் துரையின் கண்மட்டத்துக்கு உயர்ந்துவிடுகிறான். இறங்கு என்பதன் பொருள் அதுதான். எங்கள் நாடகத்தின் முதற்காட்சி இவ்வாறு அமைந்தது: செம்மண் சாலையில் ஒருவன் வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறான், அவன் மகள், "ஏம்பா ஏறி ஓட்டாம தள்ளிக்கிட்டு வர்ற?" என்று கேட்கிறாள்.

சான்றுகளைத் தேடல்

இந்நிகழ்வு குறித்து எச். இ. வில்சன் எழுதிய ஆய்வு 1981இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. அதனையும் மைக்கல் ஸ்டென்சன், சின்னப்பா அரசரத்தினம், கேர்னயில் சிங் சந்து ஆகியோரின் நூல்களையும் அடிப்படையாகக் கொண்டோம். அக்கால ஆங்கில நாளிதழ்களின் செய்திகளைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்வழித் தொகுப்பில் படித்தோம்.

ஆங்கில ஏடுகளின் மொழி ஒரு பாடமாக அமைந்தது. அவற்றில் தொழிலாளர் எப்போதும் 'தூண்டப்பட்டவர்'. தூண்டியவர் எப்போதும் 'வெளியார்'. தமக்கென ஒரு மனம் படைத்தவராகத் தொழிலாளரைக் காட்டும் வரி அருகியே கிடைத்தது. படைப்பாளன் உள்ளே நுழைய வேண்டிய இடைவெளி அதுவே என்று கண்டுகொண்டோம். ஆனால் அதே ஏடுகள்தாம் எங்களைப் பிழைகளிலிருந்து காத்தன. எங்கள் முதல் வரைவில், மே 16ஆம் நாள் மாலை நாதன் கோயில் திடலில் முழங்கும் காட்சி ஒன்று இருந்தது. மூவருக்கும் மிகவும் பிடித்த காட்சி அது. நாதனோ பத்து நாள்களுக்கு முன்பே கைதாகிவிட்டார். காட்சியை நீக்கினோம். தலைவர் இல்லாத திடலில் பேசத் தெரியாத ஒருவர் எழுந்து பேசத் தடுமாறும் காட்சியை அவ்விடத்தில் வைத்தோம். இழப்பு என்று எண்ணியது நாடகத்தின் நடுக்காட்சியாக மாறியது.

இன்னும் சில பிழைகளும் இருந்தன. தொழிலாளர் கையில் 'தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம்' எனப் பொறித்த பதாகையைக் கொடுத்திருந்தோம். அச்சங்கம் தோன்றியது 1954இல். 'ரிங்கிட்' என்று பேசவைத்திருந்தோம். அந்நாளில் தமிழர் வாயில் வழங்கியது 'வெள்ளி'. இத்தகைய சிறு பிழைகள் அவையோரின் நம்பிக்கையைக் குலைத்துவிடும். ஒரு சொல் பொய்யென்று தோன்றினால், உண்மையாக இறந்தவரின் இறப்பும் பொய்யாகத் தோன்றும்.

நூலகத்தில் அமர்ந்து இவற்றைத் திருத்திய நாள்களில் ஒன்றை அடிக்கடி நினைவுகூர்ந்தோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. அங்குத் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். எளிய மக்களின் சிறு சிறு நன்கொடைகள் தமிழ் நூல்களாயின. தம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் கால்வைப்பார்களா என்று அறியாமலேயே கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் வாங்கித் தந்த நூலகத்தில் அவர்களுடைய வரலாற்றைத் தேடுவது கடனைத் திருப்பிச் செலுத்துவதன் ஒரு பகுதியே என்று கருதினோம்.

ஒரு மூதாட்டியின் நினைவு

கிள்ளான் நண்பரின் உறவினர் வழியாக, 1941இல் தோட்டத்தில் சிறுமியாக இருந்த மூதாட்டி ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியது. மூன்று முறை சென்றோம். முதல்முறை அவர் எங்களுக்குத் தேநீரும் முறுக்கும் தந்து, எங்கள் திருமணத்தைப் பற்றி மட்டும் விசாரித்து அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை, "அதெல்லாம் எதுக்கு தம்பி இப்ப? சாப்பாட்டுக்கு இல்லாத கதை" என்றார். மூன்றாம் முறை நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"ஜப்பான்காரன் வந்தான்ல, அப்ப எங்கம்மா என்னையப் பீப்பாய்க்குப் பின்னால ஒளிய வச்சாங்க. தலைப்பா கட்டுனவனுங்க, கையில துப்பாக்கி. லயத்து வாசல்ல நின்னானுங்க. எங்க சித்தப்பா அன்னைக்குப் போனவருதான். திரும்பி வரல."

ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டோம். சப்பானிய வீரர் தலைப்பாகை அணிந்திருக்க வழியில்லை. அவர் கண்டது 1941 மே மாதத்துத் துருப்பாகவோ அந்நாளைய சீக்கியக் காவலராகவோ இருக்கலாம். இரு அச்சங்களுக்கும் இடையே ஏழு மாதமே இடைவெளி. பின்னர் வந்த பெருந்துயரம் முன்னர் நிகழ்ந்ததை விழுங்கித் தன் பெயரை இட்டுவிட்டது. சித்தப்பா எங்கே போனார்? சிறைக்கா, நாடுகடத்தப்பட்டுத் தமிழகத்துக்கா, அல்லது பின்னாளில் சயாம் இரயில் பாதைக்கா? அவருக்குத் தெரியாது. நாங்களும் ஊகித்துச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தோம்.

வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் மாணவர் இவ்விடத்தில் இருவகைத் தவறு செய்யக்கூடும். ஆவணத்தோடு ஒத்துவரவில்லை என்று அந்நினைவைத் தள்ளிவிடுவது ஒன்று. பெரியவர் சொன்னார் என்பதற்காக அப்படியே வரலாறாகக் கொள்வது மற்றொன்று. பீப்பாயும் தலைப்பாகையும் திரும்பாத சித்தப்பாவும் அவர் கண்டவை. 'ஜப்பான்காரன்' என்பது பின்னர் அவர் கேட்டறிந்த விளக்கம். கண்டதையும் கேட்டறிந்ததையும் பிரித்தறிவதே எங்கள் வேலையாயிற்று.

மூன்று ஏடுகள்

இதன்பின் ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டோம். மூன்று ஏடுகள் வைத்தோம். முதல் ஏட்டில் ஆவணமும் ஆய்வு நூலும் சொல்வன. இரண்டாம் ஏட்டில் நினைவு சொல்வன. மூன்றாம் ஏட்டில் நாங்களே புனைவன. நாடகத்தின் ஒவ்வொரு காட்சிக்கும் எந்த ஏட்டிலிருந்து எது வந்தது என்பதை ஓரத்தில் குறித்தோம். மூன்றாம் ஏட்டில் மட்டுமே நிற்கும் காட்சி முதல் ஏட்டின் எந்தச் செய்தியையும் மறுத்தலாகாது என்பது விதி.

இவ்விதி கற்பனையைக் கட்டிப்போடும் என்று அஞ்சினோம், நடந்தது வேறு. ஐரோப்பியத் துரைமார் தொழிலாளரிடம் வேலை வாங்குவதற்காகப் பேச்சுத் தமிழ் கற்றனர். அதற்குக் கையேடுகளும் தேர்வும் இருந்தன. இச்செய்தி முதல் ஏட்டில் இருந்தது. அதிலிருந்து ஒரு புனைவு பிறந்தது: எங்கள் நாடகத்துத் துரை நன்றாகத் தமிழ் பேசுவார், ஆனால் அவர் வாயில் ஏவல் வினையைத் தவிர வேறு வினை வராது. வா, போ, நில், இறங்கு, வெட்டு. இறுதிக் காட்சியில் அவர் ஒரு கேள்வி கேட்க வேண்டிய நிலை வருகிறது. கேட்கத் தெரியாமல் நிற்கிறார்.

பெயரிடாத ஐவர்

எங்களிடையே எழுந்த பெரிய கருத்து வேறுபாடு துப்பாக்கிச் சூட்டில் மடிந்த ஐவரைப் பற்றியது. நாங்கள் முதலில் படித்த நூல்களில் அவர்கள் ஓர் எண்ணாகவே வந்து போயினர். அவர்களுக்குப் பெயரும் முகமும் குடும்பமும் கொடுத்து மேடையில் நிறுத்த வேண்டும் என்றார் ஒருவர். எண்ணாகக் கிடப்பவரை மனிதராக்குவதன்றி நாடகத்துக்கு வேறென்ன வேலை என்பது அவர் வாதம். அது எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று.

மற்றவர் மறுத்தார். அந்த ஐவருக்கும் பெயர் இருந்தது, தாய் இருந்தாள், இன்றும் எங்கோ ஒரு பேரன் இருக்கலாம். நாம் முனியாண்டி என்றும் வீரப்பன் என்றும் ஐந்து பெயர்களைச் சூட்டி மேடையேற்றினால், பத்தாண்டுகளில் அப்பெயர்களே வரலாறாகிவிடும். உண்மைப் பெயர் திரும்பி வரும் நாளில் அமர்வதற்கு இடம் இருக்காது. மூதாட்டியின் நினைவில் ஒரு துயரம் மற்றொன்றை விழுங்கியதைப் போல, எங்கள் புனைவு அந்த ஐவரை விழுங்கிவிடக்கூடாது.

இரு வாரங்கள் எழுத்தே நகரவில்லை. இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பிழைத்தவர்களுக்கே பெயரிட்டோம். மிதிவண்டிக்காரர், அவர் மகள், பால் வெட்டும் பெண்கள், கிராணி ஆகிய அனைவரும் எங்கள் கற்பனை மாந்தர். நிகழ்ச்சி ஏட்டிலும் அதைத் தெளிவாக அச்சிட்டோம். மடிந்தவர் எவரும் மேடைக்கு வரவில்லை. மறுநாள் பிரட்டுக் காட்சியில் கங்காணி பெயர் வாசிக்கிறார். ஐந்து இடங்களில் வாய் திறந்து, பெயர் சொல்லாமல், ஏட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்கிறார். மகள் விரல் விட்டு எண்ணுகிறாள்.

மேடையேற்றத்துக்கு மூதாட்டியை அழைத்து வந்தோம். நாடகம் முடிந்தபின் அவர் நாடகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்களுள் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு, "எங்க சித்தப்பா பேரு அதுல வாசிச்சாங்களா? எனக்குக் காது சரியாக் கேக்கல" என்று கேட்டார். "இல்லை பாட்டி, அந்தப் பேரை நீங்கதான் சொல்லணும்" என்றோம். அவர் சொன்னார். அது இரண்டாம் ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. அவர் குடும்பத்தார் விரும்பும்வரை அதை இங்கு அச்சிடுவது முறையன்று.

முடிவுரை

இறுதியாண்டுப் படைப்பாக்கப் பணியை மேற்கொள்ளும் மாணவர்க்கு மூன்று கருத்துகளை முன்வைக்க விழைகிறோம். முதலாவதாக, காலத்தையும் இடத்தையும் உறுதி செய்யாமல் கதை எழுதத் தொடங்குதல் கூடாது. இரண்டாவதாக, திட்டமிட்ட காலத்தில் பாதியையேனும் ஆய்வுக்கு ஒதுக்குதல் வேண்டும். எங்கள் இரு பருவங்களில் முதற்பருவம் முழுவதும் தேடலிலேயே சென்றது, அது வீணாகவில்லை. மூன்றாவதாக, எதைப் புனையலாம் என்பதோடு எதைப் புனையலாகாது என்பதையும் எழுத்துக்கு முன்பே தீர்மானித்தல் வேண்டும்.

1941ஐச் சிறுவராகக் கண்டவர்கள் இன்று தொண்ணூறை எட்டியவர்கள். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகியும் மறைந்தன. லயங்கள் இருந்த இடத்தில் இன்று நெடுஞ்சாலை ஓடுகிறது. ஆவணம் காத்திருக்கும், மனிதர் காத்திருக்கமாட்டார். ஆகவே, தலைப்பு முடிவாகும்வரை காத்திராமல், ஒலிப்பதிவுக் கருவியுடன் தத்தம் ஊர்ப் பெரியவர் வீட்டுக்கு முதலில் ஒருமுறை சென்று வாருங்கள். முதல்முறை முறுக்கு மட்டும் கிடைக்கலாம். மீண்டும் செல்லுங்கள்.